வளையம் மெலிந்த சனி: 8 அங்குல டாப்சோனியனில் எதைப் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம்?

பொதிகைவான்
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 8 அங்குல டாப்சோனியன் (எளிய சுழல் தாங்கியில நிக்கிற கண்ணாடித் தொலைநோக்கி) இருக்கு, குவியத்தொலைவு 1200 மி.மீ. கூடவே வந்த 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்கள் (கண்ணருகே வைக்கிற லென்ஸ்கள்), தனியா வாங்கின 2 மடங்கு பார்லோ (உருப்பெருக்கத்தை இரட்டிக்கிற லென்ஸ்). மொட்டை மாடியிலிருந்து பார்க்கிறேன். 240 மடங்கில் சனி கலங்கலாத் தெரியுது. வளையத்தை ரெண்டாப் பிரிக்கிற கறுப்பு வெளியான காசினி இடைவெளி பிடிபடல. படங்கள்ல வர்ற மாதிரி அகன்ற வளையமும் இல்ல, கோளுக்குக் குறுக்கே ஒரு தடித்த கோடு, அவ்வளவுதான். கண்ணாடியில கோளாறா, கொலிமேஷன் (கண்ணாடிகளோட நேர் ஒழுங்கு) போயிடுச்சா, இல்ல வளையம் நல்லா விரியுற 2032 வரைக்கும் காத்திருக்கணுமா? 2026 அக்டோபர் 4 எதிர்நிலைக்கு (சனி சூரியனுக்கு நேர் எதிரே வர்ற நாள்) முன்னாடி என்ன தயார் பண்ணணும்னு சொல்லுங்க.

டாப்சன்தாசன்
2032 வரை குழாயை மூடி வைக்காதீங்க தம்பி. வளையம் மெலிஞ்சிருக்கிற வருஷங்கள்தான் நிலவுகளுக்கு நல்ல வருஷங்கள். அதைக் கீழே யாராவது விரிவாச் சொல்லுவாங்க. முதல்ல கோட்டுக் கதையை முடிச்சுக்குவோம்.

சனியின் அச்சு 26.7 பாகை சாய்ந்திருக்கு. சூரியனைச் சுற்ற 29.5 ஆண்டு. அதனால ஏறக்குறைய 15 ஆண்டுக்கு ஒருமுறை வளையம் நமக்கு விளிம்பைக் காட்டும். கடைசியாக 2025 மார்ச் 23-இல் பூமி வளையத் தளத்தைக் கடந்தது. மே 6-இல் சூரியன் கடந்தது. இப்போ நாம பார்க்கிறது வளையத்தின் தென்முகம். 2026 எதிர்நிலையில சாய்வு 7-8 பாகைக்குள்ளதான் இருக்கும். 2027 அக்டோபரில் கிட்டத்தட்ட 13 பாகை. 2032-இல் முழு விரிப்பு. அடுத்து விளிம்பு காட்டுறது 2038 அக்டோபரில்.

கணக்குப் போட்டுப் பாருங்க. எதிர்நிலையில கோளின் விட்டம் ஏறத்தாழ 19.5 வில்விநாடி (ஒரு வில்விநாடி பாகையில 3600-இல் ஒரு பங்கு), வளையத்தின் நீள விட்டம் 44 சொச்சம். 7.5 பாகைச் சாய்வில் வளையத்தின் குறுக்களவு 6 வில்விநாடிக்குள்ள அடங்கிடும். காசினி இடைவெளி 4,800 கி.மீ. அகலம், நம்ம தூரத்துக்கு 0.75 வில்விநாடி. இந்த 0.75 இடது வலது முனைகள்ல மட்டும்தான் முழுசா இருக்கும். கோளுக்கு முன்னாடி போற பகுதியில அது 0.1-க்குச் சுருங்கிடும், அங்கே தேடிப் பயனில்ல. உங்க 8 அங்குலத்தோட பிரிதிறன், அதாவது பிரிச்சுக் காட்டக்கூடிய மிகச்சின்ன அளவு, 0.57. ஆக இடைவெளியை முனைகள்ல மட்டும் தேடுங்க: ரெண்டு பக்கமும் கறுப்பா ஒரு சின்ன அரைவட்டக் கீற்று. வட்டமடிச்சு ஓடும்னு எதிர்பார்த்தா ஏமாற்றம்தான்.

கலங்கலுக்குக் காரணம் வேற. மொட்டை மாடி.

எழுபதுமிமீ
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 70 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி, குவியத்தொலைவு 700. இதில் என்னதான் எதிர்பார்க்கலாம்? 10 மி.மீ. ஐபீஸில் வளையம் இருக்கிறது தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

டாப்சன்தாசன்
@எழுபதுமிமீ உங்ககிட்ட இருக்கிறது 70 மடங்கு. 5 மி.மீ. போட்டு 140 வரை போகலாம், அதுதான் அந்தக் குழாயோட எல்லை. பெட்டியில '525 மடங்கு'ன்னு அச்சடிச்சிருந்தா அதைக் கண்டுக்காதீங்க. இந்த வருஷம் 70 மி.மீ.-க்கு உள்ள வேலைகள்: வளையத்துக்கும் கோளுக்கும் நடுவே இருக்கிற கறுப்பு வெளி, நிலவுகள்ல டைட்டன், நல்ல இரவில் ரியா, மேற்குப் பக்கம் வரும்போது இயாபெட்டஸ். காசினிக்கு 2028 வரை பொறுங்க. சாய்வு கூடினதும் 70-லேயே முனைகள்ல தட்டுப்படும்.

இப்ப மாடி விஷயம். பகல் முழுக்க வெயில் குடிச்ச கான்கிரீட் நள்ளிரவு வரை சூட்டைக் கக்கும். குழாய்க்கு நேர் கீழே எழும்பற அந்தக் காத்துதான் 240 மடங்கில கலங்கலாத் தெரியுது. மண்தரையோ புல்தரையோ கிடைச்சா அங்கே வைங்க. மாடிதான் வழின்னா சாயங்காலமே தண்ணி தெளிச்சு ஆறவிட்டு, ராத்திரி 11-க்கு மேல ஆரம்பிங்க. சுவர் ஓரம், ஏசி வெளிப்பெட்டி பக்கம், பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரைக்கு மேலே பார்க்கிற மாதிரி வைக்கிறது, இது மூணும் வேண்டாம்.

ரெண்டாவது, கண்ணாடி ஆறணும். 8 அங்குலக் கண்ணாடி வீட்டு வெப்பத்திலிருந்து வெளி வெப்பத்துக்கு வர 45 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அடிமூடியைக் கழற்றி வச்சா சீக்கிரம் ஆறும். பின்னாடி 12 வோல்ட் கணினி விசிறி ஒண்ணைக் கட்டினா 20-25 நிமிஷம். ஏசி அறையில வச்சிருந்த குழாயை நேரா வெளியே கொண்டுவந்தா நம்ம ஊர் ஈரப்பதத்துல கண்ணாடி உடனே வேர்க்கும். துணியால துடைக்காதீங்க. தானா காயட்டும்.

பொதிகைவான்
நன்றி அண்ணே. கொலிமேஷனுக்கு இணையத்துல எல்லாரும் துருவ நட்சத்திரத்தை வச்சுச் சோதிக்கச் சொல்றாங்க. லேசர் கொலிமேட்டர் ஒண்ணு இருக்கு. அது போதுமா?

டாப்சன்தாசன்
துருவ நட்சத்திரம் ஐரோப்பாக்காரங்களுக்கு. அவங்களுக்கு அது 50 பாகை உயரத்துல அசையாம நிக்கும். திருநெல்வேலியில 9 பாகை உயரம்கூட இல்ல. அடிவானத்து கலங்கல்ல எந்த வட்டமும் ஒழுங்காத் தெரியாது. அக்டோபர் ராத்திரிக்குப் பெகாசஸ் சதுரத்தோட வடகிழக்கு மூலை நட்சத்திரம் அல்பெராட்ஸ் சரியா இருக்கும். மேக்னிட்யூட் (பிரகாச அளவு, எண் கூடினா மங்கல்) 2, உச்சிக்குக் கிட்ட, சனிக்கும் பக்கத்துல.

லேசரை நம்புறதுக்கு முன்னாடி லேசரையே சோதிங்க. ஃபோகஸர்ல வச்சு மெதுவாச் சுழற்றுங்க. முதன்மைக் கண்ணாடியில விழற சிவப்புப் புள்ளி ஒரே இடத்துல நின்னா லேசர் நேரா இருக்கு. வட்டமடிச்சா கொலிமேட்டரே கோணல், அதை வச்சுச் சரி பண்ணினா நல்லா இருந்ததும் கெட்டுப்போகும். மலிவா விக்கிற லேசர்கள்ல இது சர்வ சாதாரணம். லேசர் இல்லாம கண்ணால பார்த்துச் சரி பண்ற செஷயர் குழாய்ல இந்தத் தலைவலி கிடையாது.

வரிசை இது. குழாயைப் படுக்கைவாட்டத்துக்குக் கிட்டக் கொண்டுவாங்க, ஏதாவது கழன்றாலும் கண்ணாடி மேல விழாது. முதல்ல இரண்டாம் கண்ணாடியோட மூணு சின்னத் திருகு: முதன்மைக் கண்ணாடியின் நடுவுல ஒட்டியிருக்கிற வளையத்துக்குள்ள லேசர் விழணும். அடுத்து அடியில இருக்கிற மூணு பூட்டுத் திருகுகளைத் தளர்த்தி, மூணு சரிசெய் திருகுகளால திரும்பி வர்ற ஒளியை நடுவுக்குக் கொண்டுவாங்க. பூட்டுத் திருகை மறுபடி இறுக்கும்போது கொலிமேஷன் நகரும். பாதிப் பேர் கோட்டைவிடறது இங்கதான். மூணையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, திரும்பவும் பாருங்க.

கடைசியா நட்சத்திரச் சோதனை. 200 மடங்குக்குக் கிட்ட, ஃபோகஸை இம்மி வெளியே தள்ளுங்க. வட்டத்துக்குள்ள வட்டமாத் தெரியறது எல்லாம் ஒரே மையத்துல இருக்கணும். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தா ஒரு திருகை எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்பி, நட்சத்திரத்தைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்து பிறகு பாருங்க. பார்வைப்புலத்து ஓரத்துல இருக்கிற நட்சத்திரத்தைப் பார்த்துச் சரி பண்ணினா கோமாவைத்தான் (ஓரத்து நட்சத்திரம் வால் முளைச்ச மாதிரி தெரியற குறை) சரி பண்ணிக்கிட்டு இருப்பீங்க.

ஐபீஸ் விஷயத்துல உங்களுக்கு 120-க்கு அடுத்து 240, நடுவுல ஒண்ணும் இல்ல. சனிக்குத் தினமும் உதவுறது 150-200. 7 மி.மீ. (171 மடங்கு) அல்லது 6 மி.மீ. (200) ஒண்ணு வாங்குங்க. பெரிசா வாங்கறதை விட இது ஒண்ணு போதும்.

இன்னொண்ணு: இந்த எதிர்நிலையில சனி விண்நடுக்கோட்டுக்கு 2 பாகை வடக்கே. சென்னையில 79 பாகை உயரம், கன்னியாகுமரியில 84. காத்து மண்டலத்துக்கு இதைவிட நல்ல நிலை கிடையாது. ஆனா டாப்சோனியன் உச்சிக்குக் கிட்ட அடங்காது. கிடைமட்டத்துல சின்னதா நகர்த்தவே அடித்தட்டைப் பாதி சுத்த வேண்டியிருக்கும். உச்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோ பாருங்க. உயரம் 65 பாகை இருக்கும், குழாயும் பேச்சு கேட்கும்.

கரையோரக்கண்
ஓம், நிலவுகளைப் பற்றி நான் சொல்லுறன். யாழ்ப்பாணத்திலயும் இதே வானம்தான், 82 பாகைக்கு ஏறும்.

வளையம் அகல விரிஞ்சிருக்கேக்க அதின்ர ஒளி சின்ன நிலவுகளை விழுங்கிப் போடும். நிலவுகளும் வளையத்தைச் சுத்தி மேல கீழ சிதறிக் கிடக்கும், பின்னணி நட்சத்திரம் எது நிலவு எது எண்டு தெரியாது. இப்ப எல்லாம் வளையக் கோட்டை ஒட்டினபடி ஒரு ஒடுங்கின பட்டைக்குள்ள ஓடுது. பிடிக்கிறது சுகம்.

டைட்டன்: மேக்னிட்யூட் 8.4. சனியில இருந்து 12 லட்சத்து 22 ஆயிரம் கி.மீ. கிட்டத்தட்ட வளைய விட்டத்தின் நாலரை மடங்கு தள்ளிப் போகும். 15 நாள் 22 மணி 41 நிமிஷம் ஒரு சுற்று. எட்டு நாளைக்கு ஒருக்கா கிழக்கிலயும் மேற்கிலயுமா மாறி மாறி நிக்கும். 10×50 இருகண்ணோக்கியை நிலைத்தாங்கியில வைச்சா அந்த நாட்களில பிடிக்கலாம்.

ரியா: 9.7, நாலரை நாள். டெதிஸ் 10.2, டயோன் 10.4. இந்த மூண்டும் 4 அங்குலத்துக்கே போதும். டெதிஸுக்கு 45 மணி நேரம், டயோனுக்கு 66.

என்செலடஸ்: 11.7. வளைய முனையில இருந்து ஆகக் கூடினது 16 வில்விநாடிதான் விலகும். 8 அங்குலத்தில இந்த வருஷம் கட்டாயம் முயற்சி செய்யுங்கோ.

மைமாஸ்: 12.9. முனையில இருந்து 8 வில்விநாடிகூடப் போகாது. 10 அங்குலத்துக்கு மேல எண்டுதான் பொதுவாச் சொல்லுவினம். 8 அங்குலத்தில நல்ல காற்றிருந்தால் விளிம்பில நிக்கிற வேலை.

இயாபெட்டஸ் தனி ரகம். 79 நாள் சுற்று, சனியில இருந்து ஒன்பதரை வில்நிமிஷம் தள்ளிப் போகும். மற்றதுகளின்ர தளத்துக்கு 15 பாகை சாய்வான பாதை எண்டபடியால் கோட்டில தேடினால் கிடைக்காது. முன்பக்க அரைக்கோளம் கரி நிறம், பின்பக்கம் பனி. மேற்கில நிக்கேக்க எங்களுக்குப் பின்பக்கம் தெரியும், மேக்னிட்யூட் 10.2. கிழக்கில கரிப்பக்கம், 11.9. ஐந்து மடங்குக்குக் கிட்டின வித்தியாசம். 1671-இல கண்டுபிடிச்ச வானியலாளர் காசினியே மேற்கில மட்டும் தெரியுது, கிழக்கில காணேல்லை எண்டதைக் கவனிச்சு, ஒரு பக்கம் இருட்டு எண்டு சரியாச் சொல்லிப் போட்டார்.

பொதிகைவான்
எந்தப் பக்கம் கிழக்கு, எந்தப் பக்கம் மேற்குன்னு ஐபீஸ்ல எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஸ்டெல்லேரியம் (வானப்பட மென்பொருள்) காட்டுறதும் நான் பார்க்கிறதும் பொருந்தல.

கரையோரக்கண்
குழாயை அசைக்காமல் விடுங்கோ. சனி எந்தப் பக்கம் நகர்ந்து வெளிய போகுதோ அது மேற்கு. டாப்சோனியனில படம் 180 பாகை திரும்பும், ஆனால் கண்ணாடி விம்பமா மாறாது. ஆகவே ஸ்டெல்லேரியத்தில கிடையாகவும் நெடுக்காகவும் ரெண்டு புரட்டலையும் போட்டால் பொருந்தும். லென்ஸ் தொலைநோக்கியில 90 பாகை மூலைக் கண்ணாடி போட்டிருந்தால் ஒரு புரட்டல் மட்டும்தான், கண்ணாடி விம்பம். குழப்பம் முக்காவாசி இதாலதான்.

மைமாஸுக்கும் என்செலடஸுக்கும் ஒரு உபாயம் இருக்கு. சனியை மறைக்கிறது. ஐபீஸின்ர அடிப்பக்கம், லென்ஸுக்கு முன்னால ஒரு உலோக வளையம் தெரியும், அதுதான் பார்வைப்புல எல்லை. அதில அலுமினியத் தாளை நேரான விளிம்போட பாதிப் பார்வைப்புலத்தை மூடுற மாதிரி ஒட்டுங்கோ. மெல்லிய கீலமா வெட்ட நினைக்காதேங்கோ: 1200 மி.மீ. குவியத்தில வளையத்தோட சேர்த்துச் சனியின்ர அகலம் கால் மி.மீ.தான், பார்லோ போட்டாலும் அரை மி.மீ. பாதி மூடினால் சனியை விளிம்புக்குப் பின்னால தள்ளிவிட்டு, வெளிய நிக்கிற முனையை மட்டும் பார்க்கலாம். ப்ளோஸல், ஆர்த்தோஸ்கோபிக் வகைகளில இது செய்யலாம். உள்ளுக்குப் பார்லோ மாதிரி லென்ஸ் வைச்ச நீளமான ஐபீஸ்களில எல்லை வளையம் லென்ஸுகளுக்கு நடுவில இருக்கும், அதுகளில சரிவராது. தாளின்ர விளிம்பு ஐபீஸில கூராத் தெரியவேணும். மங்கலாத் தெரிஞ்சால் எல்லை வளையத்துக்கு மேலயோ கீழயோ ஒட்டியிருக்கிறியள் எண்டு அர்த்தம்.

நிழல்வேட்டை
டைட்டன் நிழல் சனி மேல விழுறதை இந்த வருஷம் பார்க்க முடியுமா? போன வருஷம் எல்லாரும் படம் போட்டார்கள்.

கரையோரக்கண்
இல்லை, அது 2025 அக்டோபரோட முடிஞ்சுது. சாய்வு 7.5 பாகை எண்டால் டைட்டன் சனியின்ர மையத்துக்கு மேலயோ கீழயோ ஒன்றரை லட்சம் கி.மீ.க்கு மேல தள்ளிப் போகும். சனியின்ர துருவ ஆரம் 54 ஆயிரம்தான். ரியாவும் இப்ப தப்பிப் போகும். டெதிஸ் இன்னும் கோளைக் கடக்கும், டயோன் துருவ ஓரத்தில உரசும். ஆனால் டெதிஸ் நிழல் 0.2 வில்விநாடிக்கும் குறைவு. கண்ணால பார்க்கிறது பேச்சுக்கே இடமில்லை, பெரிய குழாயும் கமெராவும் வேணும். டைட்டன் நிழலுக்கு 2038-க்குக் கிட்டின காலம்தான்.

வடக்குவாசல்
எட்டு அங்குலத்தில் என்கே (Encke) இடைவெளியையே, அதாவது சனியின் வெளிப்பக்க 'ஏ' வளையத்துக்குள் இருக்கும் மயிரிழை வெளியையே, பார்த்ததாக ஒரு நண்பர் வேறொரு குழுவில் அடித்துச் சொல்கிறார். 300 மடங்காம். நம்பலாமா? நான் நம்பவில்லை.

டாப்சன்தாசன்
அவர் எதையோ பார்த்திருப்பார். என்கே இடைவெளியை இல்ல. அது 325 கி.மீ. அகலம், 0.05 வில்விநாடி. ஏ வளையத்தோட நட்டநடுவுல அகலமா ஒரு மங்கல் இருக்கு, 'என்கே மினிமம்'னு சொல்லுவாங்க. முக்கால்வாசிப் பேர் பார்க்கிறது அதைத்தான்.

பிரிச்சுச் சொல்ல ஒரே அளவுகோல் இடம். ஏ வளையத்தோட அகலம் 14,600 கி.மீ., அதாவது 2.3 வில்விநாடி. என்கே இடைவெளி வெளி விளிம்பிலிருந்து 3,200 கி.மீ. உள்ளே, அதாவது அரை வில்விநாடி. நடுவுல மங்கலாத் தெரிஞ்சா மினிமம். வெளிவிளிம்பை ஒட்டி மயிரிழையா முனையில மட்டும் தெரிஞ்சா இடைவெளி. தனிக் கறுப்புக் கோடு பிரிதிறனுக்குக் கீழயும் தெரியும்கிறது உண்மைதான். ஆனா பத்துல ஒரு பங்குக்குக் கீழே போகும்போது பெரிய குழாய், உறைஞ்சு போன மாதிரி காத்து, அகலத் திறந்த வளையம் மூணும் சேரணும். 1888-இல் வானியலாளர் கீலர் அதைத் தெளிவாப் பார்த்தது லிக் ஆய்வகத்து 36 அங்குலக் குழாய்ல. 7 பாகைச் சாய்வுல 8 அங்குலம்னா பேசவே வேண்டாம்.

வடக்குவாசல்
அவரிடம் 'விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம்' என்று கேட்கிறேன். சுவாரஸ்யமாக இருக்கும்.

பிக்சல்பித்தன்
படம் பிடிக்கிறவங்க இதே வலையில இன்னும் ஆழமா விழுறாங்க. ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருள்ல வேவ்லெட்டை (கூர்மையாக்கற வசதி) கூட்டக் கூட்ட ஏ வளையத்துல கோடு முளைக்கும், கோளோட விளிம்புக்கு உள்ளே கறுப்பா ஒரு வளையல் முளைக்கும். ரெண்டும் மென்பொருள் போட்ட கோலம். வீடியோவை ரெண்டு பாதியாப் பிரிச்சுத் தனித்தனியா அடுக்கிப் பாருங்கன்னு சொல்வாங்க. அது இரைச்சலைக் கண்டுபிடிக்க உதவும், ஒரு பாதியில இருந்து மற்றதுல இல்லன்னா இரைச்சல். ஆனா கூர்மையாக்கத்தால வந்த கோடு ரெண்டுலயும் அச்சா இருக்கும். அதுக்கு அடையாளம்: பிரகாசமான விளிம்பிலிருந்து ஒரே தூரத்துல, விளிம்போட வளைவையே பின்பற்றி ஓடும். கூர்மை அளவைப் பாதியாக் குறைங்க, கோடு மெலியாம இடம் மாறினா தூக்கி எறியுங்க.

பொதிகைவான், மோட்டார் இல்லாத டாப்சோனியன்லயும் படம் எடுக்கலாம். 2.9 மைக்ரான் பிக்சல் கேமரான்னு வைங்க. பிக்சல் அளவை ஐந்தால பெருக்கினா வர்ற எண் எவ்வளவோ அந்த எஃப் விகிதம் (குவியத்தொலைவை விட்டத்தால வகுத்தா வர்றது) சரியா இருக்கும்: 14.5. உங்க எஃப் 6 குழாய்ல 2 மடங்கு பார்லோ எஃப் 12 தரும், தாராளமாப் போதும். பிக்சலுக்குக் கால் வில்விநாடி. சனி விநாடிக்கு 15 வில்விநாடி ஓடும். 1920 பிக்சல் அகலத்தைக் கடக்க 32 விநாடி. 640 பிக்சலுக்குச் சுருக்கினா 10 விநாடியில ஓடிப்போகும், அதனால மோட்டார் இல்லாதவங்க முழு அகலத்துல எடுங்க. கேமராவைச் சுழற்றி ஓட்டத் திசையை நீளப் பக்கத்துக்கு இணையா வச்சுக்கங்க.

எக்ஸ்போஷர் 15-20 மி.செ. 20 மி.செ.யில் சனி 0.3 வில்விநாடி நகரும், ஒரு பிக்சலுக்குச் சற்று மேல. 40-க்குப் போனா ஃபோகஸ் எவ்வளவு நல்லா இருந்தாலும் ஒரு திசையில இழுபட்டிருக்கும். வெளிச்சம் பத்தலன்னா கெயினைக் கூட்டுங்க, ஹிஸ்டோகிராம் 40-50 விழுக்காட்டுல நின்னாப் போதும். கலர் கேமரான்னா புறஊதா-அகச்சிவப்பு தடுப்பு ஃபில்டர் கட்டாயம். இல்லாட்டி அகச்சிவப்பு வேற இடத்துல குவிஞ்சு எல்லாம் மெழுகிடும்.

சனி நடுவுல வர்றதுக்குள்ள ஃபோகஸ் பண்ணாதீங்க. வளைய முனையில பண்ணுங்க, அங்கதான் கூரான விளிம்பு இருக்கு. ஆறு ஓட்டம் எடுத்தா 9,000 சட்டம் (ஃபிரேம்) கிடைக்கும். எல்லாத்தையும் 'பிப்' மென்பொருள்ல கொடுத்து கோளை நடுவுக்கு வெட்டி ஒரே கோப்பாச் சேருங்க. பிறகு ஆட்டோஸ்டேக்கர்ட்ல நல்ல 25 விழுக்காட்டை மட்டும் அடுக்குங்க.

பொதிகைவான்
ஆறு ஓட்டத்துக்கு ஆறேழு நிமிஷம் ஆயிடுமே. அதுக்குள்ள கோள் சுத்திடாதா?

பிக்சல்பித்தன்
சுத்தும். சனியின் ஒரு நாள் பத்தரை மணி நேரம். கோளின் நடுவில நிமிஷத்துக்கு 0.1 வில்விநாடி நகர்வு. வியாழனா இருந்தா மூணு நிமிஷத்துல நிறுத்தணும். சனியில கண்ணுக்குப் படுறது பெரும்பாலும் நடுக்கோட்டுக்கு இணையான பட்டைகள், அவை சுத்தினாலும் அதே பட்டைதான். ஐந்தாறு நிமிஷம் வரை தாங்கும். ஏதாவது வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா மட்டும் மூணு நிமிஷத் துண்டுகளா எடுத்து வின்ஜூபோஸ் மென்பொருள்ல சுழற்சியைத் திருத்துங்க. பெரும்புயல்கள் 1876, 1903, 1933, 1960, 1990, 2010-இல் வந்தவை, அதனால எப்பவும் ஒரு கண் அங்க இருக்கட்டும்.

வடதுருவத்தைச் சுத்தியிருக்கிற அறுகோண மேகப்பட்டையை யாரும் கேக்காதீங்க. அது 78 பாகை வடக்கு. நாம இப்ப தெற்கிலிருந்து பார்க்கிறோம், 2038 முடியும் வரை அது முதுகுப் பக்கம்.

நிலவுகளுக்குத் தனி வீடியோ எடுக்கணும். சனியைச் சரியா எக்ஸ்போஸ் பண்ணினா டைட்டனும் ரியாவும் மங்கலா வரும், மத்தது வராது. மோட்டார் இருக்கிறவங்க 250 மி.செ. வரை போங்க, சனி வெளுத்துப்போகட்டும், பிறகு நல்ல சனியை மேல ஒட்டிக்கலாம். அப்படி ஒட்டினதை விளக்கத்துல எழுதிடுங்க. மோட்டார் இல்லாம 250 மி.செ.ன்னா நிலவு ஏறத்தாழ 4 வில்விநாடி நீளக் கோடா வரும்.

நுங்கம்பாக்கம்பழசு
படங்களைப் பற்றிப் பேசும்போது சி வளையத்தை யாரும் தொடவில்லை. நம் ஊருக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. 1850-இல் அமெரிக்காவில் பாண்டும் இங்கிலாந்தில் டாஸும் மங்கலான அந்த உள்வளையத்தைக் கண்டறிந்தார்கள். 1852-இல் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் தலைவர் ஜேக்கப் அது ஊடுருவிப் பார்க்கக்கூடியது என்று கவனித்தார். ஏறக்குறைய அதே நேரத்தில் ஆங்கில வானியலாளர் லாஸலும் தனியாக அதையே கண்டார். வளையம் திடத்தட்டு அல்ல என்ற முடிவுக்கு வழிவிட்ட கவனிப்புகளில் அதுவும் ஒன்று.

பார்க்கும் முறை: கோளின் விளிம்பு சி வளையத்தின் வழியாகத் தொடர்ந்து தெரிகிறதா என்று பாருங்கள். இந்தச் சாய்வில் கடினம், 2028-க்குப் பிறகு எளிது.

நிழல்வேட்டை
கோளின் குறுக்கே வளையத்தை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு தெரிகிறதே, அதுதான் சி வளையமா?

டாப்சன்தாசன்
தேதியைப் பொறுத்தது. அக்டோபருக்கு முன்னாடி நம்ம சாய்வு சூரியனோட சாய்வை விடக் கூட. அதனால வளையத்தோட நிழல் கோளின் மேல் வளையத்துக்கு உள்பக்கம், சி வளையம் இருக்கிற இடத்துலயே விழும். ரெண்டும் கலந்திடும், பிரிக்க முடியாது. எதிர்நிலைக்கு அப்புறம் சூரியனோட சாய்வு கூட. நிழல் வளையத்தோட வெளிவிளிம்பைத் தாண்டி வடக்கே எட்டிப் பார்க்கும். டிசம்பர்ல வடபக்கத்துல தெரியற கறுப்புக்கோடு சுத்தமான நிழல். டாப்சோனியன்ல தலைகீழாத் தெரியும்கிறதை மறக்காதீங்க, வடக்கு கீழே இருக்கும்.

கோளோட நிழல் வளையத்து மேல விழறது இன்னொண்ணு. எதிர்நிலைக்கு முன்னாடி மேற்குப் பக்கம், பின்னாடி கிழக்குப் பக்கம், அன்னிக்கு மட்டும் கோளுக்குப் பின்னாடி முழுசா ஒளிஞ்சுக்கும். அந்த நிழல்தான் சனிக்குப் பருமனைக் கொடுக்குது. அது இல்லாத சனி தட்டையா இருக்கும். எதிர்நிலையை ஒட்டிச் சில நாள் வளையம் மட்டும் கோளை விடப் பளிச்சுன்னு ஏறும், சீலிகர் விளைவு. செப்டம்பர் கடைசி வாரத்துல ஒரு நாள், அக்டோபர் 3, 4, 5-இல் ஒரு நாள், நடு அக்டோபரில் ஒரு நாள்னு வளையத்தையும் கோளையும் ஒப்பிட்டு எழுதி வைங்க. கண்ணாலேயே தெரியும்.

ஆனா ஒண்ணு, அக்டோபர் நடுவுல நமக்கு வடகிழக்குப் பருவமழை. எதிர்நிலையை மட்டும் நம்பி உட்காராதீங்க. மழை விலகின ஜனவரி சாயங்காலங்கள் நமக்கு மேல். கோள் 17.5 வில்விநாடிக்குக் குறைஞ்சிருக்கும், அது பெரிய நஷ்டமில்ல. இருட்டினதும் உச்சிக்குக் கிட்ட நிக்கும், கிழக்குப் பக்கம் நிழல் வெட்டு அதிகபட்சத்துல இருக்கும்.

எழுபதுமிமீ
மழைக்காலத்தில் குழாயை எப்படி வைப்பது? லென்ஸில் நூல் மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது.

டாப்சன்தாசன்
பூஞ்சை. லென்ஸோட வெளிப்பரப்புல இருந்தா ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சும் போதும், அழுத்தாம ஒரே திசையில. ரெண்டு லென்ஸுக்கு நடுவுலன்னா நீங்களே கழற்றாதீங்க. லென்ஸ்கள் சுழன்ற நிலை மாறினா படம் கெடும். இனிமே மூடி போடறதுக்கு முன்னாடி பனி முழுக்கக் காயட்டும். ஈரத்தோட மூடிப் பெட்டியில வைக்கிறதுதான் பூஞ்சைக்கு விருந்து. பெட்டிக்குள்ள நிறம் மாறுற சிலிக்கா ஜெல் 200 கிராம், நிறம் மாறினதும் வாணலியில சூடாக்கித் திரும்பப் போடுங்க. வெளியே இருக்கும்போது குழாய் முனையில விட்டத்தின் ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் கறுப்பு அட்டையைச் சுருட்டி மாட்டினா பனி தாமதமாகும். உங்க 70-க்கு 10 செ.மீ. போதும்.

பொதிகைவான்
மைமாஸுக்கு நேரம் எப்படிக் குறிக்கிறது? ஸ்டெல்லேரியத்துல நிமிஷம் நிமிஷமாத் தள்ளிப் பார்க்கணுமா?

கரையோரக்கண்
ஒரு இரவுக்கு மட்டும் அப்படிப் பாருங்கோ, மிச்சத்தைக் கணக்குப் போடலாம். மைமாஸின்ர சுற்று 22 மணி 37 நிமிஷம். இண்டைக்கு இரவு 11 மணிக்குக் கிழக்கு முனையில ஆகத் தள்ளி நிண்டால் நாளைக்கு 9.37-க்கு, நாளையிண்டைக்கு 8.14-க்கு. அதுக்கு ஒரு மணி முன்னுக்கும் ஒரு மணி பின்னுக்கும்தான் வாய்ப்பு, பிறகு வளையத்தின்ர வெளிச்சத்தை நெருங்கிப் போயிடும். அந்த நேரத்தில என்செலடஸ் மற்றப் பக்கம் நிக்கிற இரவாத் தெரிவு செய்யுங்கோ. ரெண்டும் ஒரே முனையில நிண்டால் என்செலடஸைப் பார்த்துப்போட்டு மைமாஸ் எண்டு நினைக்கிற ஆபத்து இருக்கு. முதல்ல என்செலடஸைத் தாள் இல்லாமல் பிடியுங்கோ. அது நோகாமல் தெரிஞ்ச இரவில மட்டும் தாள் ஒட்டின ஐபீஸைப் போட்டு 200 மடங்கில மைமாஸுக்குப் போங்கோ. என்செலடஸே தெரியேல்லை எண்டால் அண்டைக்குக் காற்றுச் சரியில்லை, டைட்டனைப் பார்த்துப்போட்டுப் படுங்கோ.